மனை எண் 312

எழும்பூர் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்
விசிறியைப் போட்டால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் நெற்றி வியர்வை மையில் சொட்டும்.
வரைவாளர் கோடுகளை
மெழுகுத் துணியில் நகலெடுப்பது என் வேலை.
மணலி புதுநகரை
அது ஊராவதற்கு முன்பே
இடது முழங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன்.

பூங்காவுக்கு வட்டம் வேண்டும்.
காம்பஸ் யாரிடமோ போயிருந்தது.
தாமரை போட்ட இருபது பைசாவை வைத்துச்
சுற்றி இழுத்தேன்.
இன்றைக்கும் அங்கே நடக்கிறவர்கள்
என் நாணயத்தைத்தான் சுற்றுகிறார்கள்,
சர்க்கரை குறைய.

"வெறிச்சுனு இருக்கே" என்றார் பொறியாளர் தேவசகாயம்.
ஒரு மத்தியானத்தில்
இருநூற்றுப் பதினான்கு மரம் வைத்தேன்,
ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமல்.

வடக்கே கொசஸ்தலை ஆறு.
குறிப்புக் கட்டத்துக்கு வேறு இடமில்லை,
அதன்மேல் போட்டு மூடினோம்.
திசைகாட்டும் அம்பு
நட்டாற்றில் நின்றது.

எட்டு வருடம் கழித்து
குலுக்கலில் எங்களுக்கே மனை விழுந்தது.
செங்கல் லாரி புதைந்த தெருவில் இறங்கி
"இது பதினெட்டு மீட்டர் சாலை" என்றேன்.
கணவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார்.
பேருந்து நிலையம் வந்தது.
பள்ளிக்கூடம் வந்தது.
சினிமா கொட்டகை
இன்னும் மெழுகுத் துணியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆறும் வந்தது.
பூண்டியில் திறந்துவிட்ட ஒரு டிசம்பரில்
மூடிய கட்டத்துக்கு அடியிலிருந்து எழுந்து
சமையலறை வரை வந்து
கேஸ் சிலிண்டரை மிதக்கவிட்டுப் பார்த்தது.
அதற்கு யாரும் வரைபடம் காட்டவில்லை.

போன மாதம் புரோக்கர் கஜபதி வந்தார்.
"விளம்பரத்துக்கு நாலு வரி சொல்லுங்க மேடம்,
இங்க பாக்க என்ன இருக்கு?"

அய்யா கோயில் தேரோட்டம் இருக்கிறது.
தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள்.
தலைப்பாகை கட்டிய ஆண்கள்
கண்ணாடிக்கு முன் நின்று
எதையோ நெடுநேரம் பார்க்கிறார்கள்.
அப்புறம், ஆலைச் சுடர்.
கரண்ட் போன ராத்திரியில்
அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கியிருக்கிறேன்.
காற்று திரும்பினால் முட்டை அழுகிய வாசனை,
அதை எழுதமாட்டீர்கள்.
தை மாதத்தில் கூழைக்கடாக்கள்,
பொன்னேரி சாலைக்கு மேலே,
கண்டெய்னர் லாரிகளைவிட ஒழுங்காக வரிசையில்.

கஜபதி எழுதிக்கொண்டது:
கோயில் அருகில். சாலை வசதி உண்டு.

பிறகு குரலைத் தாழ்த்தினார்.
"நீங்கதான் மேப் போட்டீங்களாமே.
311 இருக்கு, 313 இருக்கு.
நடுவுல இருக்கிற எடம் யாருது?"

அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறது.
பேனாவைத் தூக்கும்போது ஒரு துளி விழுந்தது,
உளுந்து அளவு.
பிளேடால் சுரண்டினேன்.
துணி நைந்து வெளுத்தது.
அதன்மேல் கோடு போட்டால் மை பரவும்.
மணி ஐந்தரை, பீச் ஸ்டேஷன் வண்டி ஐந்து ஐம்பது.
விட்டுவிட்டேன்.
தேவசகாயம் பார்க்கவில்லை,
மேலே கையெழுத்திட்டவர்களும் பார்க்கவில்லை.
அரசாங்க முத்திரையோடு
ஊருக்குள் ஒரு ஓட்டை நிலைத்தது.

மூன்று ஸ்டம்பு,
மூன்றும் ஒரே பப்பாளி மரத்தில் கரியால் வரைந்தவை.
மழைக்காலத்தில் தவளை,
மற்ற மாதங்களில் பையன்கள்.
கிழக்கே அடித்தால் சிக்சர்,
பொன்னுலிங்கம் கடை ஜாடியில் பட்டால் அவுட்.
இதைத் திட்டமிடச் சொல்லி
எந்தக் கோப்பும் என் மேசைக்கு வந்ததில்லை.

"அது மை" என்றேன்.

"எந்தப் பார்ட்டி மேடம்?"
போனில் குறித்துக்கொண்டே கேட்டார் கஜபதி,
வெற்றிடத்தின் நடுவில் நின்று,
பான்கார்டு இருக்குமா, பட்டா யார் பேரில் என்று.

"சார், பிட்ச்ல நிக்காதீங்க" என்றான்
பந்தை டவுசரில் தேய்த்துக்கொண்டிருந்தவன்.

அவர் 313 பக்கம் நகர்ந்தார்.
"இன்னும் கொஞ்சம்" என்றான்.